செத்த டாக்டர் குடித்த காப்பி

ஒரு விடுகதை போடட்டுமா தம்பி? ஒரு டாக்டர். பாதிக் கதையில் விஷம் குடித்துச் செத்துப்போகிறார். இரண்டு தாள் தள்ளிப் பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். பேய் இல்லை. கனவு இல்லை. இரட்டைப் பிள்ளையும் இல்லை. அது எப்படி?

மெதுவாக யோசியுங்கள். இந்தப் பஸ் திருமங்கலம் போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறது.

உங்கள் கையில் இருக்கிற புத்தகத்தைப் பார்த்ததால்தான் கேட்டேன். 'நனையாத குடை', நிழல்வண்ணன் எழுதியது. எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறீர்கள்? முப்பத்தெட்டா? அப்படியென்றால் மில் முதலாளி செத்துவிட்டார். வெளியே கொட்டுகிற மழை. வாசலில் யாருடையதோ ஒரு குடை, சொட்டு ஈரமில்லாமல் சாய்ந்து நிற்கிறது. சரிதானே? படியுங்கள், படியுங்கள். அருமையான கதை. கொலை செய்தது அந்தக் குடும்ப டாக்டர்தான்.

அடடா, ஏன் மூடிவிட்டீர்கள்? கொலைகாரன் பெயரில் என்ன இருக்கிறது தம்பி? எங்கள் ஊரில் அதைப் பாதியிலேயே தெரிந்துகொண்டு மீதிப் பாதியையும் படித்தோம். முப்பத்திமூன்று வருஷம் அப்படித்தான் படித்தோம். இல்லை, முதல் பக்கத்தை இப்போது திருப்ப வேண்டாம். அதற்கு நேரம் வரும். நான் சொல்லும்வரை அட்டை மேல் கட்டைவிரலை வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் தனுஷ்கோடி. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக நான்தான் செயலாளர். தேர்தல் வைத்தால் வேறு யாராவது நிற்பார்கள். அதனால் வைப்பதில்லை. இன்றைக்கு மதுரைக்கு வந்ததும் இந்தப் புத்தக விஷயமாகத்தான். இதைப் போட்ட பதிப்பகத்துக்குப் போய், அடுத்த பதிப்பிலாவது முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டேன். இடமில்லையாம். முந்நூற்றுப் பத்துப் பக்கப் புத்தகத்தில் ஒரு வரிக்கு இடமில்லையாம்!

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

இந்தக் கதை ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. இருபத்துநான்கு வாரம். எங்கள் ஊரில் வியாழக்கிழமை வந்தால் இதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. பிறகு பத்திரிகை நின்றுவிட்டது. கதை புத்தகமாக வரவில்லை. தமிழ்நாட்டில் முழுத் தொடரையும் ஒரு வாரம் விடாமல் சேர்த்து வைத்தது ஒரே ஆள். நான். என் தங்கை செண்பகவல்லி அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோய்ப் பத்திரிகையை வாங்கி வருவாள். எல்லோரும் படித்து முடித்ததும் பின்னைக் கழற்றிக் கதைப் பக்கங்களை மட்டும் எடுப்பாள். வாரவாரியாக அடுக்கி, நூலால் கட்டி, டிரங்குப் பெட்டியில் வைப்பாள். அவள் செய்தது அவ்வளவுதான். சேர்த்தது நான்.

பைண்டிங்குக்கும் நான்தான் கொண்டுபோனேன், சைக்கிள் கேரியரில் வைத்து. மார்க்கெட் திருப்பத்தில் கயிறு நழுவி ஒரு கத்தை கீழே விழுந்தது. விட்டுவிட்டேனா? இறங்கி ஓடிப் பொறுக்கினேன். கட்டு எந்த இடத்தில் பிளந்திருந்ததோ அந்த இடத்தில் செருகினேன். மறுபடி இறுக்கிக் கட்டி, ஒரு தாள் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எவ்வளவு அக்கறை எடுத்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பைண்டர் ஒரு மாதிரியான ஆள். மேலேயும் கீழேயும் ஒட்ட வெட்டிவிட்டார். பக்க எண் போயிற்று. 'தொடரும்' போயிற்று, 'முற்றும்' போயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை. வாராவாரம் 'தொடரும்' என்று கழுத்தைப் பிடிக்காமல் படிப்பதே ஒரு சுகம். வருத்தம் வேறு. பைண்டான புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு அத்தியாயத்தின் முதல் தாளிலும் ஓட்டை! கை நுழைகிற அளவுக்கு ஓட்டை, இருபத்துநான்கு. படம் இருந்த இடம் எல்லாம் காணவில்லை. அத்தியாயத்தின் எண் படத்தின் மூலையில்தான் இருக்கும். அதுவும் படத்தோடு போயிற்று. பின்பக்கத்தில் நாலைந்து வரி கதையும் போயிற்று.

யார் வேலை? செண்பகவல்லிதான். படம் பார்த்து வரைகிற பைத்தியம் அவளுக்கு. வரைந்துவிட்டுப் போகட்டும், கத்தரிப்பதா? இரண்டு அறை வைத்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. "இனிமே புத்தகத்தைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்" என்றேன். தொடவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். அதற்கப்புறம் அவள் படித்து நான் பார்த்ததில்லை, வரைந்தும் பார்த்ததில்லை. வீட்டு வேலையே சரியாக இருந்திருக்கும்.

புத்தகத்தை நூலகத்துக்குக் கொடுத்தேன். கூடவே ஒரு வழக்கத்தையும் கொண்டுவந்தேன். இந்தப் புத்தகத்தை எடுத்தவர் திருப்பிக் கொடுக்கும்போது சும்மா போக முடியாது. கருத்து நோட்டு ஒன்று நூலில் கட்டித் தொங்கும். அதில் தன் கருத்தை எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். இதுவரை பதினோரு நோட்டு நிரம்பியிருக்கிறது.

எங்கள் பிரதியில் கதை எப்படிப் போகும் தெரியுமா? சரியாக நடுவில் இன்ஸ்பெக்டர் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைக்கிறார். குடை ஏன் நனையவில்லை? மழைக்கு முன்பே உள்ளே வந்த ஆளின் குடை அது. டாக்டர் சட்டைப் பையிலிருந்து சீசாவை எடுக்கிறார், குடிக்கிறார், விழுகிறார், செத்துப்போகிறார். பக்கத்தைத் திருப்பினால் இன்ஸ்பெக்டர் காய்ச்சலில் படுத்திருக்கிறார். கதவு திறக்கிறது. யார்? டாக்டர்! ஊசி போடுகிறார், காப்பி குடிக்கிறார், ஊர்க்கதை பேசுகிறார். அதற்கப்புறம் பத்து அத்தியாயம் இன்ஸ்பெக்டர் கொலைகாரனைத் தேடோ தேடென்று தேடுகிறார். கடைசியில் குடை முன்னால் நின்று, "எனக்குத் தெரிந்துவிட்டது" என்கிறார். அதோடு அட்டை.

கருத்துகள் எப்படி வந்து குவிந்தன தெரியுமா! "டாக்டருக்கு இரட்டைப் பிறவி உண்டு, ஆசிரியர் சொல்லாமல் சொல்கிறார்" என்று ஒரு தையல்காரர் எழுதினார். "இன்ஸ்பெக்டருக்குக் காய்ச்சல் நூற்றுநாலு, அதனால் செத்தவர் தெரிகிறார்" என்று ஒரு நர்ஸ் எழுதினார். அதே நர்ஸ் கீழே, "ஆனால் ஆவி போட்ட ஊசி எப்படிக் குத்தும்?" என்றும் கேட்டிருந்தார். அதன் கீழே வேறொரு கையெழுத்து: "குத்தும். எங்கள் மாமியார் போய் ஏழு வருஷம், இன்னும் குத்துகிறார்."

எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் தமிழாசிரியர் அருளப்பன் சார். "வருவது டாக்டர் அல்ல, குற்றவுணர்வு. காப்பி என்பது வாழ்க்கையின் கசப்பு" என்று எழுதினார். "சர்க்கரை தூக்கலாகன்னு கதையில இருக்கே சார்?" என்று ஒருவர் கேட்டார். "கசப்பு இருக்கிற இடத்துலதானய்யா சர்க்கரை தேவைப்படும்" என்றார் அருளப்பன் சார். எப்பேர்ப்பட்ட பதில்! ஓட்டைகளுக்கும் அவர்தான் 'மௌனச் சாளரங்கள்' என்று பெயர் வைத்தார். வாசகர் தன் கற்பனையால் நிரப்ப வேண்டிய இடமாம். நான் அவரிடம் தங்கை விஷயத்தைச் சொல்லவில்லை. அவ்வளவு அழகான கருத்தைக் கெடுப்பானேன்?

நானும் சும்மா இருக்கவில்லை. 'நடுவில் முடிவு: நிழல்வண்ணனின் உத்தி' என்று இருபத்திரண்டு பக்கக் கட்டுரை. ஒன்பது கூட்டத்தில் வாசித்திருக்கிறேன். முதல் கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள். ஒன்பதாவதுக்கு ஏழு பேர். தரமான ஏழு பேர்.

போன வருஷம் பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. நிழல்வண்ணனிடமே பிரதி இல்லையாம். எங்கும் இல்லையாம். எங்கள் பிரதியை வைத்துத்தான் புத்தகம் போட வேண்டும். எழுத்தாளரே ஊருக்கு வருகிறார், வாசகர் கருத்துகளைக் கேட்கிறார், பிரதியை வாங்கிக்கொள்கிறார். முதல் பக்கத்தில் ஒரு நன்றி வரி, பிரதியைக் காப்பாற்றியவர் பெயரோடு. அச்சில் என் பெயர், தம்பி! இருபத்திரண்டு பக்கக் கட்டுரையை நாலு பத்திரிகைக்கு அனுப்பி நாலும் திரும்பி வந்த ஆள் நான். எனக்கு அந்த ஒரு வரி என்னவென்று உங்களுக்குப் புரியுமா, தெரியவில்லை. பெயர் எப்படி வர வேண்டும் என்று அன்றைக்கே தபாலில் எழுதி அனுப்பினேன். 'இலக்கியச் சுடர் க. தனுஷ்கோடி, செயலாளர்.' சுடர் பட்டம் நாங்களே ஒரு கூட்டத்தில் கொடுத்துக்கொண்டதுதான். தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

இங்கேதான் கனிஷ்கா வருகிறாள்.

செண்பகவல்லியின் மகள். ஐந்தாம் வகுப்பு. சனிக்கிழமை தவறாமல் நூலகத்துக்கு வருவாள். அவள் அம்மா கொண்டுவந்து விடுவாள். உள்ளே வரமாட்டாள், சைக்கிள் ஸ்டாண்டிலேயே நிற்பாள். எழுத்தாளர் வருவதற்கு முந்தின வாரம் கனிஷ்கா 'நனையாத குடை'யை எடுத்து, படித்து, திருப்பிக் கொடுத்தாள். வழக்கப்படி நோட்டில் எழுதியும் வைத்தாள். "டாக்டர் செத்துப்போகும் அத்தியாயம் கடைசியில் இருக்க வேண்டும். யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள். கனிஷ்கா, 5 ஆ."

முப்பத்திமூன்று வருஷக் கருத்துகளுக்குக் கீழே இப்படி ஒரு கருத்து! எழுத்தாளர் பார்த்தால் எங்கள் ஊரைப் பற்றி என்ன நினைப்பார்? ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில், நேராக ஒரு கோடு அடித்தேன். அவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மாமா அடிச்சீங்க?"

"இது பெரியவங்க கருத்து எழுதுற நோட்டு."

"தப்பா எழுதுனா அடிக்கலாம். நான் சரியாத்தானே எழுதிருக்கேன்?"

"இதுக்குப் பேரு உத்தி. எழுத்தாளர் வேணும்னே அப்படி எழுதிருக்கார். உனக்குப் புரியாது."

"செத்தவர் காப்பி குடிச்சதும் வேணும்னேவா?"

"வேணும்னேதான்."

"அப்ப, 'டாக்டர், உங்க மேல எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை'ன்னு இன்ஸ்பெக்டர் எதுக்குச் சொல்றார்? அவர்தானே கண்டுபிடிச்சார்? மறந்துட்டாரா?"

இதற்கு அருளப்பன் சாரிடம் ஒரு பதில் உண்டு. அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

"எங்கம்மாகிட்ட கேக்குறேன்" என்றாள்.

"உங்கம்மாவுக்கு என்ன தெரியும்? அவ புத்தகத்தைத் தொட்டு முப்பது வருஷத்துக்கு மேல ஆகுது."

"ஏன் மாமா?"

எனக்கு வேலை இருந்தது. போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நிழல்வண்ணன் வந்தார். எழுபத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு, சிரித்த முகம். கூடவே பதிப்பகத்துக்காரர். நூலகம் நிரம்பி வழிந்தது. இட்லியும் கேசரியும் சொல்லியிருந்தோம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். தையல்காரர் கருத்தைப் படித்தேன். நர்ஸ் கருத்தைப் படித்தேன். மாமியார் கருத்தை விட்டுவிட்டேன். அருளப்பன் சார் எழுந்து கால் மணி நேரம் கசப்பைப் பற்றிப் பேசினார். எழுத்தாளருக்குக் காது கொஞ்சம் மந்தம், காதில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நானா அப்படி எழுதுனேன்?" என்றார்.

"ஆமாங்கய்யா. அதுதானே உங்க உத்தி" என்றேன்.

"இருக்கும், இருக்கும். அப்ப நாலு பத்திரிகைக்கு ஒரே நேரத்துல எழுதிட்டிருந்தேன். பத்திரிகை ஆபீஸ் பையன் வாசல்ல நிப்பான், உள்ள எழுதிட்டிருப்பேன். எந்தக் கதையில யாரைக் கொன்னேன்னு எனக்கே ஞாபகம் கிடையாது. படிச்சவங்க நீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எவ்வளவு பணிவு பாருங்கள்! நான் என் கட்டுரையை எடுத்தேன். பதினோராவது பக்கத்தில் எழுத்தாளர் ஒரு தாள் கேட்டு வாங்கிக் குறிப்பு எடுக்க ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். 'உத்தி' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். தம்பி, அந்த நிமிஷத்தில் நான் கட்டுரையை மடித்துக்கொண்டு போயிருந்தால் இன்றைக்கு இந்தப் பஸ்ஸில் உங்களோடு புலம்பிக்கொண்டிருக்க மாட்டேன்.

பன்னிரண்டாவது பக்கம் திருப்புகிறேன், கனிஷ்கா நேராக மேஜைக்கு வந்துவிட்டாள். கையில் காக்கி அட்டை போட்ட பழைய ஆல்பம்.

"தாத்தா, இதுல நம்பர் இருக்கு" என்றாள்.

"கூட்டம் முடியட்டும்" என்றேன். "பாப்பா சொல்லட்டும்" என்றார் எழுத்தாளர்.

ஆல்பத்தைப் பிரித்தாள். நான் காணாமல் போயிற்று என்று நினைத்த படங்கள்! இருபத்துநான்கும் ஒட்டாமல், நாலு மூலையிலும் செருகி வைத்தபடி. முப்பத்திமூன்று வருஷம் அந்தக் குப்பையை என் தங்கை பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருந்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கனிஷ்கா ஒவ்வொன்றாக எடுத்துப் புத்தகத்தின் ஓட்டையில் வைத்தாள். முதல் படம், பங்களா. மூலையில் எண் ஒன்று. கச்சிதமாக உட்கார்ந்தது. பின்பக்கம் திருப்பினால் அறுந்துபோயிருந்த வரிகள் கூடிவிட்டன. இரண்டு. மூன்று. கூட்டம் எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டது. பன்னிரண்டு வரை சரியாக வந்தது.

அடுத்த ஓட்டையில் பதின்மூன்றாம் படத்தை வைத்தாள். உட்காரவில்லை. சின்னக் கை கத்தரித்தது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணல். திருப்பி வைத்தாள். உட்காரவில்லை. பிறகு ஆல்பத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்தாள். தரையில் டாக்டர், பக்கத்தில் சீசா. மூலையில் எண் இருபத்துநான்கு. கச்சிதமாக உட்கார்ந்தது.

எழுத்தாளர் தாளைத் திருப்பி, கூடிவந்த வரியைச் சத்தமாகப் படித்தார். "'இத்தனை நாள் என்னோடு உட்கார்ந்து காப்பி குடித்த கை இது' என்றார் இன்ஸ்பெக்டர்."

விடை கிடைத்ததா தம்பி? காப்பி முதலில், சாவு அப்புறம். அவ்வளவுதான் விடுகதை. வாராவாரம் படித்தபோதும் அப்படித்தான் இருந்திருக்கும், ஆனால் பைண்ட் ஆன புத்தகம் பொய் சொல்லும் என்று யார் நினைப்பார்?

எழுத்தாளர் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். 'உத்தி' என்று எழுதியிருந்த தாளை மடித்துக் கேசரித் தட்டுக்கு அடியில் வைத்தார். "இதுவும் ஒரு வாசிப்பு" என்றார் அருளப்பன் சார். பதிப்பகத்துக்காரர் என்னைப் பார்த்து, "தாளை அடுக்கினது யாருங்க?" என்றார்.

"பைண்டர்" என்றேன். "இப்போ உயிரோட இல்லை."

செத்தவரைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே.

"இந்தப் படமெல்லாம் யாரும்மா வச்சிருந்தது?" என்று எழுத்தாளர் கேட்டார்.

"எங்கம்மா. வெளிய நிக்கிறாங்க."

"உள்ள வரச் சொல்லேன்."

"வரமாட்டாங்க தாத்தா. புத்தகத்தைத் தொட்டா கையை ஒடிச்சிருவாங்களாம்."

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தை ஏதோ சினிமா வசனம் பேசுகிறது என்று நானும் சிரித்தேன். எழுத்தாளர் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகச் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்று சொன்னேனே, அதனால் இருக்கும்.

சரி, போகட்டும். அத்தியாயம் இடம் மாறினால் என்ன? பிரதி என்னுடையதுதானே? பிரதி இல்லாமல் அத்தியாயம் ஏது? பதிப்பகத்துக்காரரிடம் என் தபாலை ஞாபகப்படுத்தினேன். அவர் எழுத்தாளரைப் பார்த்தார். அந்த மனிதர் செய்ததைக் கேளுங்கள். அவ்வளவு பெரிய எழுத்தாளர், இருநூறு கதை எழுதியவர், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"பாப்பா, புத்தகத்தோட முதல் பக்கத்துல நன்றின்னு ஒரு வரி இருக்கு. ஒரே பேர்தான் போட முடியும்னு இவர் சொல்றார். மாமா பேரைப் போடவா, உன் பேரைப் போடவா? நீ சொல்றதுதான்."

நான் அவளைப் பார்த்தேன். பெரிய மாமா. தாய்மாமன். காது குத்தும்போது இவள் என் மடியில்தான் உட்கார்ந்தாள். அன்று காலையில்தான், நல்ல பிள்ளையாக இருந்தால் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். சிவப்பு வேண்டுமா நீலம் வேண்டுமா என்றுகூடக் கேட்டிருந்தேன். அதையெல்லாம் கண்ணாலேயே ஞாபகப்படுத்தினேன். அவளும் என்னைப் பார்த்தாள். பிறகு சிவப்புக் கோடு போட்ட நோட்டைப் பார்த்தாள். இருபத்துநான்காம் படத்தை எடுத்து ஆல்பத்தில் பழைய இடத்தில் நாலு மூலையும் செருகினாள். அவசரமே படவில்லை.

திருமங்கலம் வந்துவிட்டது. பத்து நிமிஷம் நிற்பான். இப்போது கட்டைவிரலை எடுங்கள், தம்பி. முதல் பக்கம், நடுவில், தனியாக ஒரே வரி. நீங்களே படித்துக்கொள்ளுங்கள், நான் கண்ணாடி கொண்டுவரவில்லை.

இரண்டு பெயரில் ஒன்றைச் சொல்லச் சொன்னார். அவள், "செண்பகவல்லின்னு போடுங்க" என்றாள்.